நர்சம்மாவின் தோசைத் திருப்பி

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் மனிதர்களைப் பார்ப்பார்கள். எங்கள் நர்சம்மா கூரையைப் பார்ப்பார். உள்ளே ஒருத்தி இடுப்பு வலியில் கத்திக்கொண்டிருப்பாள். மாமியார்க்காரி கையைப் பிடித்து இழுப்பாள். இவர் வாசற்படியைத் தாண்டி நின்று, அண்ணாந்து, நாலு மூலையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் குடையை மடக்குவார். பிள்ளை பெறப் போகிறவள் முகத்தை அதற்கப்புறம்தான் பார்ப்பார்.

சேக்காட்டில் ஒரு வீட்டில் இப்படித்தான் நடந்தது. வலி எடுத்து இரண்டு மணி நேரமாகிறது என்று புருஷன்காரன் ஓடி வந்து கூட்டிப் போனான். இவர் போய் அண்ணாந்து பார்த்தார். கட்டிலுக்கு நேர் மேலே உத்தரத்தில் ஈரம் படிந்து கறுத்திருந்தது.

"கட்டிலை அந்தாண்ட தள்ளு."

"வலியில துடிக்கிறாம்மா. இப்ப போயி கட்டிலைத் தள்ளச் சொல்றீங்களே."

"கொயந்த எப்ப வரும்னு நான் சொல்லிடுவேன் நைனா. கூரை எப்ப வரும்னு யாரால சொல்ல முடியும்? தள்ளு."

தள்ளினார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. கூரை விழவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் முழுக்க விழவில்லை. அந்த வீட்டுக்காரன் ஊரெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தான். நர்சம்மா காதுக்கும் அது போயிற்று. "வுயாத கூரையைப் பத்தி எனக்கு இன்னா வெக்கம்?" என்று கேட்டுவிட்டு அடுத்த பிரசவத்துக்குப் போய்விட்டார்.

அவர் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. ஜில்லா போர்டு அனுப்பிய மருத்துவச்சி, பட்டணத்தில் ஆஸ்பத்திரியில் படித்தவர், நாற்பத்தைந்து வயசு இருக்கும் என்பதெல்லாம் தெரியும். அம்பத்தூரில் ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு மேனாம்பேடு, சேக்காடு, வேப்பம்பட்டு என்று எங்கே கூப்பிட்டாலும் வருவார். பக்கத்து ஊருக்கு நடை, தூரத்துக்கு ரயில். பூசின மாதிரி உடம்பு, கறுப்புக் குடை, முழங்கைக்குக் கீழே இறங்காத வெள்ளை ரவிக்கை. நடையைப் பார்த்தால் யாரையோ அடிக்கப் போகிறார் என்று தோன்றும்.

கையில் எப்போதும் இரண்டு பைகள் இருக்கும். தோல் பையில் கத்தரிக்கோல், நூல், பஞ்சு, வாடை அடிக்கிற லோஷன் பாட்டில். துணிப் பையில் ஒரு பழைய இரும்புத் தோசைத் திருப்பி. முதல் தடவை அதைப் பார்த்த எங்கள் தெருப் பெண்கள் நடுங்கிப் போனார்கள். பட்டணத்துப் பிரசவத்தில் இதையும் உபயோகிப்பார்கள்போல என்று ஒருத்தி சொல்ல, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். நர்சம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது கூரைக்கு. அது கொயந்தைக்கு. ரெண்டையும் ஒரே பையில வெக்க மாட்டேன். பயப்படாதே போ."

கூரைக்கு என்றால் பாசி சுரண்டுவதற்கு. ஓட்டின் மேலோ மாடித் தளத்திலோ பச்சையைப் பார்த்துவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. ஏணி கேட்பார். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிடுவார். அந்தக் காலத்தில் ஒரு பொம்பளை, அதுவும் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர், பட்டப்பகலில் ஊரான் வீட்டு மாடியில் குந்திக்கொண்டு சுரண்டுவதைப் பார்த்தால் தெரு என்ன பேசும்? பேசத்தான் பேசியது. அவருக்கு அது கேட்காது. சுரண்டுகிற சத்தம் அவ்வளவு.

பாசியைப் பற்றி அவர் சொல்வது இதுதான்: "குடிச்சிட்டு வுயுந்து கெடக்கறவன் மாரி இது. குடிச்ச எடத்துலயே படுத்துக்கும். தானும் காயாது, கீய கீறதையும் காய வுடாது." மழைத் தண்ணீரைப் பாசி பிடித்து வைத்துக்கொள்ளும், அடியில் இருக்கிற சுண்ணாம்புப் பூச்சு ஊறி ஊறிப் பொரிந்து போகும், அப்புறம் ஈரம் செங்கல்லுக்கு இறங்கும், செங்கல்லிலிருந்து மரத்துக்கு இறங்கும். மரம் உளுத்துப் போவது வெளியே தெரியாது. உள்ளே உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு ஒரு கறுப்புக் கறைதான் தெரியும். கேட்டால் பழைய வீடு என்பான்.

இதையெல்லாம் இப்போது நான் விஷயம் தெரிந்தவன் மாதிரி எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கும் அந்த அம்மாளுக்கும் ஆகவே ஆகாது. அதற்குக் காரணம் நான் செய்த ஒரு மகா புத்திசாலித்தனம். வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய வருஷம் அது. ரயிலில் நிற்க இடமில்லை. பூந்தமல்லி ரோட்டில் மாட்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எங்கள் மேனாம்பேட்டில் மாட்டுக் கொட்டகைக்குக்கூட வாடகைக்கு ஆள் வந்தது. எனக்கு இருபத்தெட்டு வயசு. ஏரிக்குக் கீழே நாலு காணி நஞ்சை, முன்னும் பின்னும் மாடி போட்ட அறைகளும் நடுவில் நாட்டு ஓடும் வைத்த வீடு, தினமும் பேப்பர் படிக்கிற பழக்கம். இந்த மூன்றும் இருந்ததால் என்னை ஊர்த் தொண்டன் ஆக்கினார்கள். கையில் கட்ட ஒரு பட்டையும் கழுத்தில் மாட்ட ஒரு விசிலும் கொடுத்தார்கள். ஏரோப்ளேன் சத்தம் கேட்டால் விசில் ஊத வேண்டும், ஊதினால் எல்லாரும் பள்ளத்தில் போய்ப் படுக்க வேண்டும். அந்த விசிலை நான் குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை.

வெறும் விசில் ஊதிக்கொண்டிருந்தால் போதுமா? யோசித்தேன். மேலே இருந்து பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? வெள்ளையாக மாடி தெரியும், சிவப்பாக ஓடு தெரியும். சுற்றிலும் பச்சையாக வயல் தெரியும். நம் கூரையும் பச்சையாக இருந்துவிட்டால் அவனுக்கு எல்லாம் ஒரே வயல்தானே? இதை நான் சொன்னபோது எதிர் வீட்டுப் பெரியப்பா எழுந்து வந்து என் முதுகில் தட்டினார். "உங்கப்பன் இருந்து கேட்டிருக்கணும்டா" என்றார்.

அப்புறம் நாங்கள் செய்ததை வேறு எந்த ஊரிலும் செய்திருக்க மாட்டார்கள். நாங்கள் நெல் பயிரிடுகிறவர்கள். பச்சை வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். மாடியில் தண்ணீர் வெளியேறும் ஓட்டையை வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்தோம். கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து மாடியில் தண்ணீர் கட்டினோம். அரிசி கழுவின தண்ணீரைக் கொண்டு போய் ஊற்றினோம். ஓட்டில் தண்ணீர் நிற்காதென்று அங்கே சாணியைக் கரைத்துத் தெளித்தோம். ஆடி மாசத்துக்குள் எங்கள் தெருவில் பதினாறு வீட்டுக் கூரையும் பச்சைப்பசேல் என்று ஆகிவிட்டது. என் வீட்டுப் பின்னறை மாடிதான் முதல் தரம். பாசி விரற்கடை கனத்துக்கு மெத்தை மாதிரி வளர்ந்திருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதுதான் முறை. ஆனால் அவள் தாய் வீடு ராயபுரத்தில், துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அந்த வீட்டுக்காரர்களே பூட்டிக்கொண்டு வடக்கே ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டிலேயே பெறுவதென்று முடிவாயிற்று. ஆவணியில் ஏழாம் மாசம். நர்சம்மாவை வரவழைத்தோம்.

வந்தார். நின்றார். அண்ணாந்தார். முன்னறை விதானத்தில் ஒரு கறை இருந்தது. அதைப் பார்த்தார். பின்னறைக்குப் போய் அங்கேயும் பார்த்தார். என் அம்மா ஒரு டம்ளரில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். எந்த ஊரோ என்ன சாதியோ என்று அதற்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த டம்ளர் அது. நர்சம்மாவுக்கு அது புரியாமல் இல்லை. குடித்துவிட்டு, தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, என்னைப் பார்த்து, "மேல இன்னா பண்ணி வெச்சிருக்கே நைனா?" என்று கேட்டார்.

நான் பெருமையாக ஏணி கொண்டுவந்து வைத்தேன். ஏறினார். கணுக்காலுக்குத் தண்ணீர். அதன் நடுவில் நின்றுகொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அசந்து போய்விட்டார் என்று நினைத்தேன்.

"இது இன்னா, நாத்தங்காலா?"

"மேலேர்ந்து பாத்தா வயல் மாரி தெரியும்மா. ஜப்பான்காரன் ஏமாந்துடுவான்."

"அவன் ஏமாறுவானோ இல்லியோ, நீ ஏமாந்துட்ட. உன் ஊட்டுத் தலையில நீயே ஏரி வெட்டி வெச்சிருக்கே." கீழே இறங்கிவந்து என் மனைவியின் வயிற்றைப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "பிரசவம் முன்னறையில. அதுக்கு மேல காயணும். காயாத ஊட்டுல நான் பிரசவம் பாக்க மாட்டேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஒரு ஊரையே காப்பாற்ற நான் பாடுபடுகிறேன், இந்த அம்மாள் வந்து என் பெண்டாட்டி முன்னால் என்னை முட்டாளாக்குகிறார். வேறு மருத்துவச்சி பார்த்துக்கொள்ளலாம் என்றேன். என் மனைவி பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் இருந்தால் முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் நான் அதைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் வயலிலிருந்து திரும்புகிறேன், தெருமுனையிலேயே கரகர சத்தம் கேட்கிறது. என் வீட்டு முன்னறை மாடியில் நர்சம்மா. அடைத்து வைத்த ஓட்டையைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஐந்து நாளாகவே திறந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. தண்ணீர் வடிந்து, வெயிலில் பாசி காய்ந்து அப்பளம் மாதிரி விளிம்பு தூக்கியிருந்தது. ஈரத்தில் சுரண்டினால் பாசி இழுகும், காய்ந்த பிறகு சுரண்டினால் வேரோடு வரும் என்பது அவர் கணக்கு. தோசைத் திருப்பியால் நெம்பி நெம்பி எடுத்துக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் தெரியுமா? என் அம்மா.

"அம்மா, நீ இன்னா பண்றே?"

"ஏணி புடிச்சிகினு கீறேன். தெரில?"

"தெரு இன்னா சொல்லும்?"

"தெருவா புள்ள பெக்கப் போவுது?" என்றார் என் அம்மா.

மூன்று நாள் அந்த வேலை நடந்தது. சுரண்டி, தென்னை நாரால் தேய்த்து, வெடிப்பு வெடிப்பாக இருந்த இடத்தில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்த சுண்ணாம்பை வைத்து அழுத்தித் தேய்த்தார்கள். மேலேயும் உள்ளே விதானத்துக்கும் சுண்ணாம்புத் தெளிவு அடித்தார்கள். கடைசியில் பதினாறு வீட்டுப் பச்சைக்கு நடுவே என் வீட்டு முன்மாடி மட்டும் வெள்ளை வெளேர் என்று நின்றது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஏரோப்ளேன் சத்தம் கேட்டது. நான் தெருவில் ஓடிக்கொண்டே விசில் ஊதினேன். எல்லாரும் பள்ளத்தில் படுத்தார்கள். நானும் படுத்தேன். படுத்தபடி தலையைத் தூக்கிப் பார்த்தால், நர்சம்மா மாடியில் உட்கார்ந்துகொண்டு கடைசி மூலையில் சுண்ணாம்பு தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஏரோப்ளேன் தாழ்வாக எங்கள் தலைக்கு மேலேயே போயிற்று. நம்முடைய ஏரோப்ளேன்தான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எல்லாரும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது மேலேயிருந்து குரல் வந்தது.

"பாத்துட்டுப் போறான் நைனா. பூச்சு நல்லா கீதுன்னு சொல்லிட்டுப் போறான்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று மனதுக்குள் புகுந்துகொண்டது. அது பயம். நிஜமான பயம். ஊர் முழுக்கப் பச்சை. நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கட்டம். அந்தக் கட்டத்துக்கு நேர் கீழே என் மனைவியும் பிறக்கப் போகிற என் பிள்ளையும். குண்டு போடுகிறவனுக்கு நானே புள்ளி வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. எதிர் வீட்டுப் பெரியப்பாவும் அதையே சொன்னார். "மறுபடி பச்சை ஆக்கு. இல்லே, பொண்ணைப் பின்னறைக்கு மாத்து. அங்கதான் பாசி நல்லா கீது."

பின்னறைக்கு மாற்றினேன். கட்டிலைத் தூக்கிப் போட்டு, மேலே பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினேன். விதானத்தில் கறை இருந்தது. பழைய வீடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. ஏரி ததும்பி மறுகால் போயிற்று. நாலாம் நாள் காலையில் என் மனைவிக்கு வலி எடுத்தது. முழங்கால் தண்ணீரில் அம்பத்தூருக்கு ஓடினேன். அவ்வளவு பேசியிருக்கிறேன், வருவாரோ மாட்டாரோ என்று இருந்தது. நர்சம்மா கதவைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்தார், இரண்டு பையையும் எடுத்துக்கொண்டு குடையை விரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே முன்னறைக்குப் போனார். அங்கே ஆள் இல்லை. பின்னறை வாசலுக்கு வந்து நின்றார். அண்ணாந்து பார்த்தார். விதானத்தில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு என் மனைவியின் கன்னத்தில் விழுந்தது. நர்சம்மா வாசற்படியைத் தாண்டவில்லை.

"அவளைத் தூக்கு. முன்னறைக்கு."

"வேணாம்மா. அங்க மேல வெள்ளையா கீது. இன்னிக்கின்னு பாத்து குண்டு வுயுந்துட்டா?" சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. "எனக்கு இவங்க ரெண்டு பேருதான்."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மெதுவாகப் பேசினார். அவர் அப்படிப் பேசி அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

"வேப்பம்பட்டுல ஒரு பொண்ணு. தலைச்சன். நல்லா பொறக்க வெச்சேன். தாயும் நல்லா கீது, கொயந்தையும் நல்லா கீதுன்னு வெத்தல பாக்கு வாங்கிகினு வந்துட்டேன். கூரையை நான் பாக்கல நைனா. மூணா நாளு அது வந்து எடுத்துக்கிச்சு. ரெண்டையும்."

இன்னொரு சொட்டு கட்டிலில் விழுந்தது. நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன். குண்டா கூரையா என்று ஒருத்தன் வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருக்கிறான், அவன் பெண்டாட்டி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த நிமிஷத்தை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கட்டிலிலிருந்து அவளே எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "குண்டு வந்தா வரட்டும். தண்ணி இப்பவே என் மூஞ்சில வுயுது" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நர்சம்மா ஒரு பக்கமும் என் அம்மா ஒரு பக்கமும் தாங்கிக்கொண்டார்கள். முன்னறைத் தரை காய்ந்திருந்தது. சுவர் காய்ந்திருந்தது. பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். கட்டிலை எடுத்துவர நேரமில்லை, அது பின்னறையிலேயே கிடந்தது. கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நான் நடுவீட்டில் உட்கார்ந்தேன். மழை குறையவில்லை. உச்சிவேளை இருக்கும். பின்னறையில் மரம் நெரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எழுந்து திரும்புவதற்குள் தடதடவென்று மொத்தமும் இறங்கிவிட்டது. செங்கல், சுண்ணாம்பு, உளுத்த கட்டை, அவ்வளவு நாள் நான் குடம் குடமாக இறைத்து ஊற்றி வளர்த்த பச்சை, எல்லாம். தண்ணீர் வாசற்படியைத் தாண்டி என் காலுக்கு வந்தது. எட்டிப் பார்த்தேன். கட்டில் இரண்டாக முறிந்து கிடந்தது. தலையணை இருந்த இடத்தில் ஓர் உத்தரம் கிடந்தது.

முன்னறைக்குள்ளிருந்து நர்சம்மாவின் குரல் வந்தது.

"இன்னா நைனா சத்தம்?"

வாசற்படியில் நின்றபடியே சொன்னேன்.

"கூரை வந்துடுச்சும்மா."

பதிலுக்கு ஒரு குழந்தையின் அழுகை வந்தது. கொஞ்ச நஞ்ச அழுகை இல்லை. நான் ஆறு மாசமாக ஊதிய விசிலெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அது நிற்காமல் அழ, அதற்கு மேல் நர்சம்மா கத்திச் சொன்னார்.

"இங்க கொயந்த வந்துடுச்சு. பொம்பள புள்ள. உள்ள வந்து பாரு."

உள்ளே போனேன். கதவருகில் நின்று, என்னையறியாமல் அண்ணாந்து பார்த்தேன். விதானம் வெள்ளையாக, காய்ந்து, ஒரு பொட்டுக் கறைகூட இல்லாமல் இருந்தது. அப்புறம்தான் என் பெண்ணைப் பார்த்தேன். நர்சம்மா அதைக் கவனித்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். நான் அழுதேன், அதை மறைக்கவுமில்லை. சந்தோஷம் என்றால் இன்னதென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

என் அம்மா காப்பி கலந்து கொண்டுவந்தார். என் அப்பா குடித்த வெள்ளி டம்ளர், அவர் போன பிறகு யாருக்கும் எடுக்காத டம்ளர். நர்சம்மா அதை வாங்கிப் பார்த்தார், என் அம்மாவைப் பார்த்தார், குடித்தார். இந்தத் தடவை கழுவிக் கவிழ்க்கவில்லை. காலி டம்ளரை என் அம்மா கையிலேயே கொடுத்தார். என் அம்மா கழுவினார்.

பெயர் வைக்கிற நாளில் அவருக்கு ஒரு பட்டுப் புடவை வைத்துக் கொடுத்தோம். தொட்டுப் பார்த்துவிட்டுத் தட்டைத் திருப்பித் தள்ளினார். இதைக் கட்டிக்கொண்டு மாடி ஏற முடியாது என்றார். வேறு என்ன வேண்டுமென்றாலும் கேளுங்கள் என்றேன். என் கழுத்தைப் பார்த்தார்.

"அந்த விசிலைக் கொடு."

சபையில் எல்லாரும் பார்க்கிறார்கள். எதிர் வீட்டுப் பெரியப்பா கனைத்தார். நான் ஒரு கணம் கையால் பொத்திக்கொண்டேன் என்பது உண்மை. அப்புறம் கழற்றிக் கொடுத்தேன். அதை அவர் துணிப் பையில், தோசைத் திருப்பியோடு சேர்த்துப் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் மேனாம்பேட்டில் விசில் சத்தம் கேட்டால் வானத்தை யாரும் பார்க்கவில்லை. நர்சம்மா தெருவில் வருகிறார், எங்கோ பச்சையைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். எந்த வீட்டு வாசலில் நின்று ஊதுகிறாரோ அந்த வீட்டு ஆம்பிளை ஏணியை எடுத்துக்கொண்டு வர வேண்டும். சுரண்டாமல் பாசி மேலேயே சுண்ணாம்பு அடித்து ஏமாற்றலாம் என்று பார்த்த பெரியப்பாவிடம், "அயுக்கு மேல வேட்டி கட்டினா அயுக்கு போயிடுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் ஊதினார். பெரியப்பா ஏறினார். அறுபது வயசில் ஏறினார்.

அந்தப் பொங்கலுக்கு முந்தின வாரம் பதினாறு வீட்டு மாடியிலும் ஓட்டிலும் ஆட்கள் இருந்தோம். மார்கழிப் பனி விலகி நல்ல வெயில். தெரு முழுக்கக் கரகர கரகர என்று ஒரே சத்தம். அதற்கு நடுவில் ஏரோப்ளேன் ஒன்று வந்தது. வந்து, தாழ்ந்து, போயிற்று. பள்ளத்தில் யாரும் படுக்கவில்லை. முதுகை நிமிர்த்தக்கூட ஒருத்தனுக்கும் நேரமில்லை. கீழே தெரு நடுவில் என் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு நர்சம்மா நின்றார். அவர் மட்டும் அண்ணாந்து பார்த்தார். ஏரோப்ளேனை அல்ல.

விசில் ஊதினார்.

"அந்த மூலை இன்னும் பச்சையா கீது நைனா."

என் வீட்டு ஓட்டு மூலைதான். தேய்த்தேன்.